வடித்ததில் கண்டது இலையில் உண்டா?

அறிவியல் ஆய்விதழ்களைப் புரட்டும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், ஒரு வகைக் கட்டுரையை நீங்கள் பலமுறை சந்தித்திருப்பீர்கள். தலைப்பு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: ‘இன்ன காட்டுக் கீரையின் நறுமண எண்ணெயில் அடங்கிய வேதிச் சேர்மங்கள்’. செடியின் பெயர் மட்டும் மாறும். உள்ளே நுழைந்தால் நடையும் ஒன்றே. இலையைப் பறித்தோம், நீரில் இட்டு மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தோம், ஆவியோடு வந்த எண்ணெயைப் பிரித்தோம், கருவியில் செலுத்தினோம், நாற்பது ஐம்பது சேர்மங்கள் கிடைத்தன. பிறகு ஓர் அட்டவணை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சதவீதம், அதுவும் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை. கடைசிப் பத்தியில், ‘ஆகவே இக்கீரை மருந்தாகப் பயன்படக்கூடும்’ என்று ஒரு மங்கள வாக்கியம்.

இந்த அட்டவணைகளைப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அவற்றில் பெரும்பாலானவை உழைப்போடு செய்யப்பட்டவை. என் குறை வேறு. குடுவையிலிருந்து வெளிவந்ததைப் பற்றிய பட்டியலை இலைக்குள் இருப்பதன் பட்டியலாக நாம் வாசித்துவிடுகிறோம். எழுதுபவரும் பல வேளைகளில் அப்படியே எழுதிவிடுகிறார். இந்தச் சிறு சறுக்கல் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை ஒரே ஒரு கீரையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கொதித்தல், ஆவியழுத்தம், எலெக்ட்ரான் மோதல், அயனியின் நிறை என்று அந்த அட்டவணை பிறக்கும் பாதை முழுவதும் இயற்பியல் பாடத்தின் வழியாகவே செல்கிறது. அளவீடு எதை அளக்கிறது என்று கேட்பது எங்கள் தொழில்.

கவிச்சுக் கீரை

ஹூட்டுய்னியா கார்டேட்டா என்பது அச்செடியின் அறிவியல் பெயர். டச்சு இயற்கையியலாளர் மார்ட்டினஸ் ஹூட்டுய்ன் நினைவாக, சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பர்க் 18ஆம் நூற்றாண்டில் இட்ட பெயர் இது. நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் தரையோடு படர்ந்து வளரும். இலை இதய வடிவம், வெற்றிலையை நினைவூட்டும். அதில் வியப்பில்லை. மிளகும் வெற்றிலையும் சேர்ந்த வரிசையில்தான் இதன் குடும்பமும் வைக்கப்பட்டுள்ளது.

அசாம், மேகாலயா, மணிப்பூர் முதலிய நம் வடகிழக்கு மாநிலங்களிலும், வியட்நாமிலும், தென்மேற்குச் சீனாவிலும் இதை உண்கிறார்கள். மேகாலயாவின் காசி மக்கள் ஜாமிர்டோ என்பார்கள். வியட்நாமியர் பச்சை இலையாகவே உணவோடு சேர்த்துக்கொள்வார்கள். சீனாவின் குய்சோ மாநிலத்தில் இதன் கிழங்குத் தண்டு விருப்பமான கறிப்பொருள். ஜப்பானில் இலையை உலர்த்தித் தேநீர் போல அருந்துவார்கள்.

இலையைக் கசக்கினால் பச்சை மீனின் வாடை எழும். சீனப் பெயரின் பொருளே ‘மீன்வாடைப் புல்’. தமிழில் இதற்கு வழங்கும் பெயர் இல்லாததால், நாம் இங்கே ‘கவிச்சுக் கீரை’ என்று வைத்துக்கொள்வோம். மீனில் எழும் கவிச்சுக்குக் காரணமான டிரைமெதில் அமீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அப்படியானால் இந்த வாடைக்குக் காரணம் எது?

இரண்டு விடைகள்

இக்கீரையை நீரில் கொதிக்க வைத்து எண்ணெய் வடித்தவர்களின் அட்டவணைகளில் பெரும்பாலும் முதல் வரிசையில் நிற்பது 2-அண்டெக்கனோன். மெதில் நோனைல் கீட்டோன் என்பதும் இதுவே. மிர்சீன் என்ற டெர்ப்பீனும் பல பட்டியல்களில் முன்னணியில் இருக்கும். அட்டவணையை நம்பினால், கவிச்சுக் கீரையின் முதன்மைச் சேர்மம் 2-அண்டெக்கனோன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் ஓர் இடறல் இருக்கிறது. சதாப்பு இலை என்றும் அருவதா என்றும் நாம் வழங்கும் செடியின் எண்ணெயிலும் முதன்மைச் சேர்மம் இதே 2-அண்டெக்கனோன்தான். சதாப்பு இலையைக் கசக்கிப் பாருங்கள். கடுமையான வாடை உண்டு; மீன் வாடை இல்லை.

பச்சை இலையைக் கொதிக்க வைக்காமல், மென்மையான முறைகளில் ஆராய்ந்தவர்களின் விடை வேறு. அவர்கள் காண்பது டெக்கனாயில் அசிட்டால்டிஹைடு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1950களின் தொடக்கத்திலேயே இதைப் பிரித்தறிந்துவிட்டனர். செடியின் பெயரை ஒட்டி ஹூட்டுய்னின் என்றும் அழைப்பார்கள். கவிச்சு வாடைக்குப் பெரிதும் காரணம் இதுவே எனக் கருதப்படுகிறது. கிருமிகளைத் தடுக்கும் ஆற்றலும் இதற்கே முதலில் கூறப்பட்டது.

இரண்டு விடைகளில் எது சரி? இரண்டுமே சரி. ஒன்று இலையைப் பற்றியது. மற்றொன்று கொதித்த இலையைப் பற்றியது. ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். டெக்கனாயில் அசிட்டால்டிஹைடில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். மூலக்கூறு நிறை 198. 2-அண்டெக்கனோனில் 11 கார்பன், 22 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், நிறை 170. முன்னது ஒரு கார்பனையும் ஓர் ஆக்சிஜனையும் இழந்தால் பின்னது கிடைக்கும். முன்னது நிலையற்ற சேர்மம். காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நிறை 198 + 16 = 214 ஆகிறது. அதிலிருந்து கார்பன் டைஆக்சைடு, அதாவது 44, கழன்றால் 170. கணக்கு நேராக முடிகிறது. உலர்ந்த இலையில் மீன்வாடை பெரிதும் மறைந்துவிடுவதும் இந்த நிலையின்மையோடு பொருந்துகிறது.

நிலைமை இதுவாக இருக்க, பல கட்டுரைகள் 2-அண்டெக்கனோனை இலையின் முதன்மைச் சேர்மம் என்றே எழுதி முடிக்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், மருந்து செய்ய முனைந்தவர்கள் இந்த நிலையின்மையை மறக்கவில்லை. டெக்கனாயில் அசிட்டால்டிஹைடு தானாக நிற்காது என்று அறிந்தே, அதைச் சோடியம் பைசல்பைட்டுடன் சேர்த்து நிலையான உப்பாக்கினார்கள். மறந்தது அட்டவணைதான்.

பூண்டு சொல்லும் பாடம்

இது கவிச்சுக் கீரைக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணவேண்டாம். நம் அடுப்படியில் இருக்கும் பூண்டின் வரலாறும் இதுவே. 1844இல் வெர்த்தைம் என்ற வேதியியலார் பூண்டை நீராவியால் வடித்து எண்ணெய் எடுத்தார். 1892இல் செம்லர் அதே வகை எண்ணெயை ஆராய்ந்து, அதில் முதன்மையானது டைஅல்லைல் டைசல்பைடு என்று காட்டினார். பூண்டின் சாரம் இதுதான் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது.

1944இல் அமெரிக்காவில் கவலிட்டோவும் பெய்லியும் கொதிக்க வைக்காமல் ஆல்கஹாலில் சாறு எடுத்தார்கள். கிடைத்தது வேறொரு பொருள்: அல்லிசின். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஸ்டோல், ஸீபெக் என்ற இருவர் சுவிட்சர்லாந்தில் நொதி வேலை செய்யாதபடி பார்த்துக்கொண்டு பிரித்தார்கள். கிடைத்தது மூன்றாவது பொருள்: அல்லீன். அதற்கு மணமே இல்லை.

முழுப் பல்லில் இருப்பது அல்லீன். நசுக்கினால் நொதி அதைத் தொட்டு அல்லிசின் ஆக்குகிறது. கொதிக்க வைத்தால் அல்லிசின் உடைந்து டைஅல்லைல் டைசல்பைடும் அதன் உறவினர்களும் பிறக்கின்றன. ஒரே பூண்டு, மூன்று முறைகள், மூன்று விடைகள். பூண்டில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, பூண்டை என்ன செய்தீர்கள் என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் விடை கிடையாது.

வடித்தல் ஏன் இவ்வளவு செய்கிறது?

2-அண்டெக்கனோனின் கொதிநிலை ஏறத்தாழ 232 டிகிரி செல்சியஸ். ஆனால் நீரோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகி வந்துவிடுகிறது. ஒன்றோடொன்று கலவாத இரண்டு நீர்மங்களைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால், இரண்டின் ஆவியழுத்தங்களின் கூட்டுத்தொகை வளிமண்டல அழுத்தத்தை எட்டியதுமே கொதித்தல் தொடங்கும். நீர் பெரும்பங்கைச் சுமக்கும். எண்ணெய் சிறு பங்கைத் தந்தால் போதும். நீராவி வடித்தலின் இரகசியம் இவ்வளவுதான். 1928இல் கிளெவஞ்சர் அமைத்த கண்ணாடிக் கருவியின் வடிவங்களே இன்றும் ஆய்வகங்களில் இதற்குப் பயன்படுகின்றன.

எண்ணெய் சிறு பங்காகவே வருவதால், வடித்தல் பல மணி நேரம் நீளும். அவ்வளவு நேரமும் இலை கொதிநீரில், தன் சொந்த அமிலங்களோடு வெந்துகொண்டிருக்கிறது. நீரால் உடைபடக்கூடியது உடைகிறது. வெப்பத்தால் மாறக்கூடியது மாறுகிறது. பிறகு கருவியின் நுழைவாயில் வேறு. வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் எண்ணெய்த் துளி நுழையும் இடம் பெரும்பாலும் 200 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அல்லிசின் போன்ற மென்மையான மூலக்கூறு அங்கேயே சிதைந்து, பூண்டில் இல்லாத பெயர்களை அட்டவணையில் ஏற்றிவிடும்.

சதவீதத்தின் மயக்கம்

அட்டவணையில் நம்மை எளிதில் ஏமாற்றுவது சதவீதம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இலையில் மூன்று ஆவியாகும் சேர்மங்கள்: முதலாவது 50, இரண்டாவது 30, மூன்றாவது 20 மில்லிகிராம். வடிக்கும்போது முதலாவதில் 40 மில்லிகிராம் சிதைந்து, கருவிக்குத் தென்படாமல் போய்விட்டது என்போம். மிச்சம் 10, 30, 20, மொத்தம் 60. இப்போது சதவீதம் போடுங்கள். முதலாவது 16.7, இரண்டாவது 50, மூன்றாவது 33.3. இரண்டாவது சேர்மம் ஒரு துளிகூடக் கூடவில்லை. ஆனால் அட்டவணையில் 30இலிருந்து 50 ஆகி, ‘முதன்மைச் சேர்மம்’ என்ற பட்டத்தையும் பெற்றுவிட்டது.

அந்தச் சதவீதமும் எடையின் சதவீதம் அன்று. வரைபடத்தில் ஒவ்வொரு முகட்டின் கீழுள்ள பரப்பின் விழுக்காடு அது. வழக்கமான சுடர் அயனியாக்க உணர்கருவி ஹைட்ரோகார்பன்களுக்கு உரக்கக் குரல் கொடுக்கும். ஆக்சிஜன் மிகுந்த சேர்மங்களுக்குச் சற்று மெல்லப் பேசும். திருத்தம் செய்யாவிட்டால் தசமத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களும் அலங்காரமே.

இன்னொன்று. நூறு கிராம் இலையிலிருந்து 50 மில்லிகிராம் எண்ணெய் வருகிறது எனக் கொள்வோம். அதில் ஒரு சேர்மம் 40 சதவீதம் என்றால், நூறு கிராம் இலைக்கு 20 மில்லிகிராம். ‘40 சதவீதம்’ என்று படித்தபோது உங்கள் மனத்தில் எழுந்த அளவு இதுவா? எவ்வளவு எண்ணெய் கிடைத்தது என்று சொல்லாத அட்டவணை, மொத்தச் சம்பளத்தை மறைத்துவிட்டுச் செலவின் விழுக்காட்டை மட்டும் காட்டும் குடும்பக் கணக்கைப் போன்றது.

பெயர் சூட்டுவது யார்?

ஐம்பது பெயர்களும் எப்படிக் கிடைத்தன? நிறை நிறமாலைமானியில் ஒவ்வொரு சேர்மத்தின் மீதும் 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்கள் மோதுகின்றன. மூலக்கூறு துணுக்குகளாக உடைகிறது. துணுக்குகளின் நிறைக் கோலத்தைக் கணிப்பொறி தன் நூலகத்தில் உள்ள கோலங்களோடு ஒப்பிட்டு, ‘ஒப்புமை 95 சதவீதம்’ என்று ஒரு பெயரைச் சொல்கிறது.

ஆனால் ஒப்புமை வேறு, அடையாளம் வேறு. பைனீன், சபினீன், மிர்சீன், லிமோனீன் எல்லாம் 10 கார்பன், 16 ஹைட்ரஜன் கொண்டவை. எல்லாவற்றின் நிறையும் 136. உடையும்போது இவை எல்லாமே 93 என்ற நிறையில் வலுவான துணுக்கைத் தருகின்றன. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளை முகச்சாயலை மட்டும் வைத்துப் பெயர் சொல்லி அழைப்பது எளிதன்று. நிறையை மட்டும் நம்புவதும் ஆகாது. நாம் பார்த்த டெக்கனாயில் அசிட்டால்டிஹைடின் நிறை 198. 13 கார்பன் கொண்ட 2-டிரைடெக்கனோனின் நிறையும் 198. வேறுபாடு தசமத்தில்தான்: 198.162, 198.198. முழு எண்ணை மட்டும் காட்டும் கருவிக்கு இரண்டும் ஒன்றே.

இதற்காகவே இரண்டாவது சாட்சி வேண்டும் என்கிறார்கள். 1958இல் கோவாட்ஸ் வகுத்த தங்கல் எண் அது. குழாயினுள் ஒரு சேர்மம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை, நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களை மைல்கற்களாக நட்டு அளப்பது அம்முறை. 10 கார்பன் சங்கிலிக்கு 1000, 11 கார்பனுக்கு 1100 என்று எண்கள். இந்தச் சாட்சியும் தனியே போதாது. வழக்கமான முனைவற்ற குழாய்களில் 2-அண்டெக்கனோன், போர்னைல் அசிட்டேட், தைமால் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 1285க்கும் 1295க்கும் இடையில் நெருங்கி நிற்கின்றன. ஆனால் அவற்றின் துணுக்குக் கோலங்கள் வேறு வேறு. கோலம், தங்கல் எண் இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். தூய சேர்மத்தை வாங்கி அருகருகே ஓட்டிப் பார்த்தால் ஐயம் தீரும்.

அட்டவணை பேசாதவை

ஆவியாகாத எதுவும் இந்தப் பட்டியலில் வராது. கவிச்சுக் கீரையில் குவெர்சிட்ரின் போன்ற ஃபிளேவனாய்டுகள் உண்டு. அரிஸ்டோலாக்டம் என்ற வகைச் சேர்மங்களும் இச்செடியில் கண்டறியப்பட்டுள்ளன. இவை, சிறுநீரகத்தைக் கெடுப்பதாக நன்கு அறியப்பட்ட அரிஸ்டோலோக்கிக் அமிலத்துக்கு அமைப்பில் உறவானவை. உறவு என்பதாலேயே கீரையை உண்பவருக்குத் தீங்கு என்று முடிவு கட்டுவது தவறு. ஆனால் ‘இக்கீரை பாதுகாப்பானதா?’ என்ற கேள்விக்கு எண்ணெய் அட்டவணை விடையே தர முடியாது என்பது உறுதி. அந்த விடை இருக்கும் பக்கத்தை அது திறக்கவே இல்லை.

இதெல்லாம் ஆய்வகத்துச் சில்லறை வழக்கு என்று நினைப்பவர்கள், 2006ஆம் ஆண்டில் சீனாவில் நடந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். கவிச்சுக் கீரையை வடித்த நீர்மம் அங்கே 1970கள் தொட்டு ஊசி மருந்தாகப் பயன்பட்டு வந்தது. அதன் தரத்தைக் கணிக்க அளக்கப்பட்ட சேர்மங்களில் நம் 2-அண்டெக்கனோனும் ஒன்று. 2006 ஜூன் 1 அன்று சீன அரசின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், இக்கீரை சார்ந்த ஏழு வகை ஊசி மருந்துகளின் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. கடும் ஒவ்வாமை அதிர்ச்சியும் மூச்சுத்திணறலும் உயிரிழப்புகளும் நேர்ந்ததாக வந்த அறிக்கைகளே காரணம். தசையில் போடும் வகைக்கு மட்டும் பின்னர் அனுமதி திரும்பியது.

எது அந்தத் தீங்கைச் செய்தது என்பதில் பல கருத்துகள் எழுந்தன. எண்ணெயை நீரில் கரைக்கச் சேர்த்த பாலிசார்பேட் 80 என்ற துணைப்பொருள் மீது வலுவான ஐயம் இருந்தது. 2-அண்டெக்கனோன் மீது பழி போடுவது என் நோக்கமன்று. நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றே. ஒரு சேர்மத்தின் அளவு சரியாக இருக்கிறது என்பது குப்பிக்குள் இருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் ஆகாது. வயிற்றுக்குப் பழகிய கீரை, இரத்தத்துக்கும் பழகியதாகிவிடாது.

மறுபக்கம்

வடித்த எண்ணெயையே விற்கிறோம், முகர்கிறோம், சோப்பில் சேர்க்கிறோம் என்றால், வடித்த எண்ணெயின் அட்டவணைதான் நமக்கு வேண்டும். சாமந்தி இனத்துக் கெமோமில் பூவில் நீல நிறம் இல்லை. அதிலுள்ள நிறமற்ற மாட்ரிசின் கொதிக்கும்போது மாறிக் கமாசுலீன் ஆகி, எண்ணெய் நீலமாக வடிகிறது. அந்த நீல எண்ணெயை வாங்குபவருக்குக் கமாசுலீன் உண்மையான பொருளே. பூவில் கமாசுலீன் இருக்கிறது என்று சொல்லும்போதுதான் தவறு நுழைகிறது. ஆகவே குற்றம் அட்டவணையில் இல்லை. அட்டவணைக்கு அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது.

கொதிக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. இலைக்கு மேலே உள்ள காற்றையே மாதிரியாக எடுக்கலாம். குளிர்ந்த கரைப்பானில் சாறு எடுக்கலாம். 31 டிகிரியை ஒட்டியே மீமாறுநிலையை அடையும் கார்பன் டைஆக்சைடைக் கரைப்பானாகக் கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறைகள் உண்டு. ஆனால் இரண்டு முறைகளின் விடைகளை அருகருகே வைத்தால், எது இலையினுடையது, எது அடுப்பினுடையது என்று பிரித்தறிய வழி பிறக்கும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல். முதுகலை ஆய்வுத் திட்டத்துக்காக உங்களில் சிலர் இத்தகைய அட்டவணை ஒன்றைத் தயாரிக்க நேரலாம். வேறு சிலர் மூலிகை எண்ணெய்ப் புட்டியில் ஒட்டிய தாளில் அதைப் படிக்க நேரலாம். யாராயினும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். செடி எங்கே, எந்தப் பருவத்தில் பறிக்கப்பட்டது. அதன் மாதிரி ஏதேனும் தாவரக் காப்பகத்தில் உள்ளதா? பச்சையா, உலர்ந்ததா? எப்படி, எவ்வளவு நேரம் எண்ணெய் எடுக்கப்பட்டது? எத்தனை கிராமுக்கு எவ்வளவு கிடைத்தது? பெயர்களுக்கு எத்தனை சாட்சிகள்? இந்த ஐந்துக்கும் விடை இருந்தால், அட்டவணை ஐந்தே வரியாயினும் நம்பலாம். இல்லையென்றால் ஐம்பது வரியாயினும் அடுத்த வாக்கியத்துக்குப் போகாதீர்கள்.

கருவி தன்னிடம் வந்து சேர்ந்ததைப் பற்றி மட்டுமே பேசும். வந்து சேர்ந்த வழியைக் கேட்டறிவது நம் வேலை. அந்த வேலைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நெஞ்சில் உறுத்தும் ஒரு கேள்வி போதும்.